வேலிக்கருவையும் அதன் வேரடித் துணைவரும்

வானம் பார்த்த பூமி என்று வழங்கப்பெறும் நிலப்பகுதிகளுள் அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையும் ஒன்றென்பதை நம் கல்லூரியிற் பயின்ற தென்பாண்டி நாட்டு அன்பர்கள் நன்கறிவர். அச்சீமையின் கீழ்பால், விருதுநகர் மாவட்டத்து எல்லையோரத்தில், ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன வீரசோழன் என்னும் ஊர் உளது. யான் அவ்வூருக்கு அணித்தான சிற்றூரொன்றிற் பிறந்தவன். சென்ற கார்த்திகையில் விடுமுறைக்குப் போயிருந்தபோது எங்கள் கண்மாய்க் கரைமீது நின்று நோக்கினேன். மழை பெய்திருந்தது, வரத்துக்காலில் நீர் ஓடிற்று, ஆயினும் நீர்ப்பரப்பு என்று சொல்லத்தக்கது மடையை அடுத்த ஒரு சிறு வட்டமே. எஞ்சிய உள்வாய் முழுவதும் வேலிக்கருவைக் காடு.

ஆடு மேய்க்கும் என் தாய்மாமன் அருகில் நின்றார். "மருமகனே, மூன்று தரம் ஊர் கூடி வெட்டிப் பார்த்தாச்சு. வெட்ட வெட்டத் தழைக்குது. பக்கத்திலே ஒரு புல்லை முளைக்க விடமாட்டேன் என்குது. இதுக்கு அடியிலே அப்படி என்னதான் இருக்கு? நீ படிச்சவனாச்சே, சொல்லு" என்றார். அப்பொழுது யான் விடை கூறவில்லை, தெரியாமையே காரணம். கல்லூரிக்கு மீண்டபின் நூலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் தேடிக் கண்டவற்றை அவருக்குச் சொல்வதுபோலவே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் வேண்டும். ஈரநிலம் என்றவுடன் பிச்சாவரத்துச் சதுப்பும் கோடிக்கரைச் சேற்றுவெளியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1971ஆம் ஆண்டில் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் பல தேசத்தார் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கை, இயற்கையாக அமைந்ததாயினும் மக்கள் தோண்டியதாயினும், ஆண்டு முழுவதும் நீர் நிற்பதாயினும் சில திங்களே நிற்பதாயினும், நன்னீராயினும் உவர்நீராயினும், அவையனைத்தையும் ஈரநிலம் என்றே கொள்கின்றது. அவ்வாறாயின் நம் கரிசற்காட்டுக் கண்மாயும் ஊருணியும் ஈரநிலங்களே. அன்றியும் இவை தனித்தனியாக நிற்பன அல்ல. ஒரு கண்மாயின் கலுங்கு வழிந்த நீர் அடுத்த கண்மாயின் வரத்தாகும். மதுரைப் பக்கத்திலிருந்து வரும் கிருதுமால் நதி இவ்வழியே இறங்கிக் குண்டாற்றைச் சேரும். குண்டாறு கமுதி, முதுகுளத்தூர்ச் சீமைகளைக் கடந்து மூக்கையூருக்கு அருகில் மன்னார் வளைகுடாவில் கலக்கும். எனவே வீரசோழன் கண்மாயிலிருந்து கடற்கரை உவர்ச்சேறு வரையில் ஈரநிலம் என்பது ஒரே சங்கிலி. அச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இன்று நாம் காணும் மரம் வேலிக்கருவை. சீமைக்கருவேல் என்றும் வேலிகாத்தான் என்றும் பிற ஊர்களில் வழங்குவதும் இதுவே.

இம்மரத்தின் தாயகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென்னமெரிக்காவின் வடபகுதி ஆகிய நாடுகளாம். 1877ஆம் ஆண்டை ஒட்டி, அக்காலச் சென்னை மாகாணத்துக் கடப்பைப் பகுதியில் விறகின் பொருட்டு இதன் விதைகள் ஊன்றப்பெற்றன. வறண்ட நாட்டவர் அனைவரும் இதனை விருந்தாளியாகவே வரவேற்றனர். 1940இல் ஜோத்பூர் சமஸ்தானம் இதற்கு அரச மரியாதை அளித்து, 'ராஜ தாவரம்' என்றே அறிவித்தது! தாவர நூலார் இதனைப் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்று நெடுங்காலம் அழைத்து வந்தனர். 2022இல் அக்குலத்தை ஆராய்ந்து பிரித்தவர்கள் இதனை நெல்டுமா என்னும் வேறு குலத்தில் வைத்தனர். நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியோ பழைய புரோசோபிஸ் குலத்திலேயே இருக்கின்றது. உடன்பிறந்தவர் என்று கருதப்பட்ட இருவர் ஒன்றுவிட்டவர் ஆயினர் என்க. வன்னியைப்பற்றிப் பின்னர் விரிவாகக் கூறுவேம்.

இம்மரத்தைக் குறித்து நாட்டில் வழங்கும் பேச்சுக்களுள் ஒன்றை மட்டும் இங்கேயே விலக்கிவிடுகின்றேன். இது காற்றிலுள்ள ஈரத்தை இலைகளால் உறிஞ்சி மழையைத் தடுக்கின்றது என்று மேடையிற் பேசுவோர் உளர். அதற்கு ஆதாரம் இல்லை. இதன் வல்லமை மேலே இல்லை, கீழே இருக்கின்றது. இதற்கு நெருங்கிய உறவான மரமொன்றின் வேர், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் திறந்த சுரங்கம் ஒன்றை வெட்டியபோது, தரைமட்டத்துக்குக் கீழே 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது. நம்மூர்க் கிணறுகளுள் எத்தனை அவ்வாழம் போயின என்பதை எண்ணிப் பார்க்க.

நிற்க. கண்மாய் உள்வாயில் ஒரு சாண் உயரமுள்ள கன்றொன்றை ஈரமண்ணோடு மெல்லப் பெயர்த்து நீரில் அலசினேன். சல்லிவேர்களில் கடுகினும் சற்றே பெரிய முடிச்சுக்கள் சில ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை நகத்தாற் கிள்ளினேன். உள்ளே இளஞ்சிவப்பு நிறம். நம் இரத்தத்திற்குச் செம்மை தரும் ஹீமோகுளோபினுக்கு இனமான ஒரு பொருளே அந்நிறத்திற்குக் காரணம். ஒரு முட்செடியின் வேரில் இரத்தத்தின் உறவு இருக்கின்றதென்பது யான் முன்பு ஏட்டில் வாசித்து மறந்த செய்திதான். கண்ணாற் கண்ட பின்பு மறக்கவில்லை.

அம்முடிச்சு நோயன்று, வீடு. அதனுள் வாழ்வோர் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் வாயு உண்டு. ஆயினும் அதன் இரண்டு அணுக்கள் மும்முடிச்சாகப் பிணைந்திருத்தலின் எந்தச் செடியும் அதனை நேரே உண்ணவல்லதன்று. செல்வம் நிறைந்த வீட்டில் பூட்டுக்குத் திறவுகோல் இல்லாதவாறு போல இது. திறவுகோல் உள்ளவர்கள் இந்நுண்ணுயிர்களே. பயற்றினச் செடிகள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பெறுவது இம்முடிச்சுக்களின் வாயிலாகவே என்பதை ஜெர்மனி தேசத்து ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் இருவர் 1886இல் அறிவித்தனர். 1888இல் ஹாலந்து நாட்டுப் பெய்ஜெரிங்க் அந்நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார்.

உறவு தொடங்கும் முறை சுவையுடையது. வேர் சில பொருள்களை மண்ணிற் கசியவிடும். அதனை உணர்ந்த பாக்டீரியா தானும் ஒரு பொருளைச் சுரந்து விடையளிக்கும். உடனே வேர்த்தூவி வளைந்து அதனைத் தழுவிக்கொள்ள, அது நூல்போன்ற ஒரு வழியமைத்து உள்ளே சென்று குடியேறும். மரம் சர்க்கரை கொடுக்கும். குடியிருப்போர் நைட்ரஜன் உரம் கொடுப்பர். ஆனால் அவ்வுரத்தைச் செய்யும் நொதிப்பொருள் பிராணவாயு பட்டால் கெட்டுப்போம். அவர்கள் மூச்சுவிடுவதற்கோ பிராணவாயு வேண்டும். இவ்விரு தேவைக்கும் நடுவே நின்று, பிராணவாயுவை அளந்து அளந்து கொடுப்பதுதான் யான் கண்ட அந்தச் செந்நிறப் பொருளின் வேலை.

இனி நம் வினாவுக்கு வருவோம். பயற்றினச் செடிகளுள் பல, தமக்கு உரிய ஓரினத்துப் பாக்டீரியாவை அன்றிப் பிறரை ஏற்பதில்லை. வேற்று நாட்டிற்குச் சென்றால் துணையின்றி மெலியும். வேலிக்கருவை அத்தகையதன்று. பெருவாயிற் சத்திரம் போல, என்சிஃபர், பிராடிரைசோபியம், மீசோரைசோபியம் முதலாய பல இனத்தாரையும் வேரிலே ஏற்கும். எம்மண்ணிற் போய் நின்றாலும் அம்மண்ணில் உள்ளவருள் எவரேனும் ஒருவர் அதற்குத் துணையாவர். ராஜஸ்தானத்துத் தார்ப் பாலையில் நம் வன்னியின் முடிச்சுக்களிலும் என்சிஃபர் இனத்தாரே கண்டெடுக்கப்பட்டனர். காரத்தன்மையும் வறட்சியும் உடைய மண் அவ்வினத்தாருக்கு உவந்ததாகும். எனவே வன்னிக்கும் கருவேலுக்கும் துணைபுரிந்த பழங்குடிகள் ஏற்கெனவே இருந்த நிலத்தில் இப்புதுமரம் வந்து இறங்கிற்று என்று கருதுவதில் தவறில்லை.

முதிர்ந்த மரத்தின் அடியிற் கிளைத்துப் பார்த்து, முடிச்சொன்றும் இல்லையே என்று மீள்வோர் பலர். மேல்மண் ஆண்டிற் பெரும்பகுதி காய்ந்து கிடப்பதால் அங்கே முடிச்சு நிலைப்பதில்லை. அமெரிக்கத் தென்மேற்குப் பாலையில் 1980களில் ஆராய்ந்தோர், பல மீட்டர் ஆழத்தில் நிலத்தடி நீரை ஒட்டிய ஈரமண்ணில் இவ்வின மரத்தின் துணைவர் பெருந்திரளாக வாழ்தலைக் கண்டனர். மேல்மண்ணில் இருந்தோர் விரைந்து பெருகும் இனத்தார். ஆழத்தில் இருந்தோர் மெல்லப் பெருகும் பிராடிரைசோபியம் இனத்தார். மாடியில் ஒரு குடியும் நிலவறையில் ஒரு குடியும் வைத்து வாழும் மரம் இது.

உப்பைப்பற்றியும் ஒரு சொல். வடஅமெரிக்கச் சொனோராப் பாலையிலிருந்து பிரித்தெடுத்த வேர்முடிச்சுப் பாக்டீரியம் ஒன்று, லிட்டருக்கு ஏறத்தாழ 29 கிராம் உப்புக் கரைந்த நீரிலும் வளர்ந்ததென 1982இல் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது. கடல்நீரில் உள்ளது லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். புறத்தே உப்பு மிகும்போது அது தன் உடலுள் குளூட்டமிக் அமிலத்தைச் சேர்த்துவைத்துக் கொண்டு, நீர் வெளியே இழுக்கப்படாவண்ணம் காத்துக்கொள்கிறதாம். மரமும் உப்பைத் தாங்கும்; அத்தகைய துணைவரும் வாய்ப்பின், திருச்சுழியில் நிற்கும் மரம் மூக்கையூரிலும் நிற்பதில் வியப்பென்னை? சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இம்மரத்தின் மரபணு ஒன்றைப் புகையிலைச் செடியிற் புகுத்தி, அச்செடி வறட்சியைத் தாங்குதலை 2010இல் காட்டினர். பகைவனிடத்தும் கற்க வேண்டியவை உள போலும்.

கடற்கரைச் சேற்றிலோ காட்சி வேறு. நீர் தேங்கிய சேற்றுள் பிராணவாயு சில விரற்கடை ஆழத்துக்குமேல் புகாது. அங்குள்ள நுண்ணுயிர்கள் பிராணவாயுவுக்கு மாற்றாக நைட்ரேட்டு, இரும்பு முதலியவற்றைக் கொண்டு மூச்சுவிடும். அவையும் தீர்ந்தபின், கடல்நீரில் நிறைந்துள்ள கந்தக உப்பாகிய சல்பேட்டைக் கொண்டு வாழும். உப்பங்கழியோரம் நடப்போர் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் அழுகிய முட்டை நாற்றம் இவர்கள் விடும் மூச்சேயாம். இவர்களைப் பிரித்தறிந்தவரும் முன்சொன்ன பெய்ஜெரிங்க்தான், ஆண்டு 1895. நம் கண்மாயின் நன்னீரில் சல்பேட்டு மிகக் குறைவாதலின் அங்கே மீத்தேன் என்னும் வாயுவை உண்டாக்குவோர் தலையெடுப்பர். 1776இல் இத்தாலி நாட்டு வோல்டா, மாஜோரே ஏரிச் சேற்றைக் கிளறி, எழுந்த குமிழிகளைப் பிடித்துக் கொளுத்திக் காட்டியது இவ்வாயுவையே. இரவில் கண்மாய்ப் பக்கம் கொள்ளிவாய்ப் பிசாசு உலவும் என்று என் பாட்டி அச்சுறுத்தியபோது இச்செய்தி தெரிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இத்தகைய சேற்றில் வேலிக்கருவையின் வேர்முடிச்சு மூச்சுத் திணறும். ஆதலின் அலை நாள்தோறும் ஏறியிறங்கும் அலையாத்திக் காட்டினுள் இது புகமாட்டாது. அங்கே நம் பழஞ்செடிகளுக்கு வேறு துணைவர் உளர். பிச்சாவரத்துச் சேற்றில் வளரும் உவர்நிலக் காட்டுநெல்லின் வேரிலிருந்து, உப்பைத் தாங்கி நைட்ரஜனைப் பிணைக்கும் புதிய பாக்டீரியம் ஒன்றைக் கண்டு, 2004இல் அதற்குச் சுவாமிநாதானியா எனப் பெயரிட்டனர். ஆயினும் அலை அரிதாகவே எட்டும் மேட்டுவிளிம்பில், உமரியும் புல்லும் வளரும் அவ்வெளியில், வேலிக்கருவை உறுதியாகக் காலூன்றுகின்றது. கோடிக்கரையில் வெளிமான்கள் மேயும் புல்வெளி சுருங்கி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அம்மான்களும் அங்குத் திரியும் குதிரைகளும் இதன் இனிய காயைத் தின்று விதையை எருவோடு பரப்புகின்றன. எங்கள் ஊரில் அத்தொண்டைச் செய்வன என் மாமன் ஆடுகளே. இதை அவரிடம் சொன்னபோது அவர் நகைக்கவில்லை.

இனி, பக்கத்தில் புல் முளையாமையைப்பற்றி. 2012இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இவ்விஷயத்தில் மிகத் தெளிவானது. இந்திய அறிஞரும் பிற நாட்டறிஞரும் கூடி இம்மரத்தை அதன் தாயகமாகிய வெனிசுவேலாவிலும், வந்தேறிய இந்தியா, ஹவாய் ஆகிய இடங்களிலும் ஒப்பிட்டனர். வெனிசுவேலாவில் இதன் நிழலின்கீழ் பிற செடிகள் மிகுதியாக வளர்ந்தன; அங்கே இது புரவலன். இந்தியாவிலோ இதன் நிழலிற் செடியினங்கள் பெரிதும் குறைந்தன. நம் வன்னியின் நிழலில் அத்துணைக் குறைவில்லை. இரண்டன் வேரடி மண்ணையும் சோதித்தபோது, வேலிக்கருவையின் மண்ணிலே பாஸ்பரஸும் கரையும் உப்புக்களும் பீனால் வகைப் பொருள்களும் மிகுந்திருந்தன. அதன் உதிர்ந்த இலைச்சருகை இட்டபோது நம் நாட்டுச் செடிகள் பெருவாரியாக மடிந்தன. இலைக்கசிவில் டிரிப்டோபான் என்னும் பொருள் வன்னியினும் மிகுதி. வன்னியின் இலைக்கசிவோ பயிர்வேருக்கு நன்மையே செய்தது. மண்ணைச் செழிப்பாக்கி அச்செழிப்பைப் பிறர் உண்ணவொட்டாமல் தடுக்கும் இயல்பை என்னென்பது! தாயகத்துச் செடிகள் நெடுங்காலம் உடன் வாழ்ந்து இதன் நஞ்சுக்குப் பழகியவை. நம் செடிகளுக்கு இது புதிது. அவ்வறிஞர் கருத்தும் ஏறத்தாழ இதுவே.

வேலிக்கருவையை மட்டும் பேசிக் காட்டாமணக்கை விட்டுவிடலாகாது. நெய்வேலிக் காட்டாமணக்கு என்று நாம் வழங்குவதும் தென்னமெரிக்காவினின்று வந்ததே. ஊதாப்பூப் பூத்து, கண்மாய் ஓரத்தையும் வாய்க்காலையும் அடைக்கும் அச்செடியை ஆடு தின்று பழகினால் நடை தள்ளாடி, உடல் மெலிந்து, பிறகு மீளாது. அதிலுள்ள ஸ்வெயின்சோனின் என்னும் நஞ்சே காரணம். அந்நஞ்சைச் செய்வது செடியன்று, செடியினுள்ளே மறைந்து வாழும் ஒரு பூஞ்சை என்பது 2013இல் தெளிவாயிற்று. விதையின் வழியாகவே அப்பூஞ்சை அடுத்த தலைமுறைக்கும் செல்கின்றது. வேலிக்கருவை போன இடத்தில் துணையைத் தேடிக்கொள்கின்றது; காட்டாமணக்கோ துணையைக் கட்டுச்சோறு போலக் கொண்டே வருகின்றது.

அப்படியாயின் வேலிக்கருவையை அடியோடு அழித்துவிடுவதுதான் முறையோ? 2017ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளை இதனைக் களையுமாறு கடுமையாக ஆணையிட்டதும், அவ்வாண்டிலேயே சூழலுக்கு நேரும் விளைவை ஆராய வேண்டுமென்ற முறையீட்டின்மேல் சிலகாலம் அவ்வேலை நின்றதும் பலர் நினைவில் இருக்கும். 2022இல் தமிழ்நாட்டு அரசு அயல்தாவரங்களை அகற்றி நிலத்தை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. இருபுறத்து வழக்கிலும் உண்மை உண்டென்றே யான் கருதுகின்றேன். கர்னாலில் உள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையத்தார், ஒன்றுக்கும் உதவாத களர்நிலத்தில் இதே மரத்தைப் புல்லோடு வளர்த்து மண்ணின் காரத்தைத் தணித்தனர். அங்கே அதற்கு உதவியோர் இந்நுண்ணுயிர்களே. எங்கள் சீமையில் மழை பொய்த்த ஆண்டுகளில் அடுப்பெரித்ததும் கரிமூட்டம் போட்டவர்க்குக் கூலி கொடுத்ததும் இம்மரந்தான். முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ஆகிய கண்மாய்கள் 1989 முதல் பறவைகளின் சரணாலயங்கள். 2022இல் ராம்சார் பட்டியலிலும் அறிவிக்கப்பெற்றன. அங்கே சங்குவளை நாரைகள் நாட்டுக்கருவேலில் மட்டுமன்றி வேலிக்கருவையிலும் கூடு கட்டுகின்றன. ஒரே நாளில் அனைத்தையும் பெயர்த்தால் அவை எங்கே போம்?

ஆதலின் என் கருத்து இது. கண்மாய் உள்வாயில் இதற்கு இடமில்லை. நீர் நிற்க வேண்டிய இடத்தில் மரம் நிற்றல் ஆகாது. கூடு உள்ள கண்மாயில் நாட்டுக்கருவேல் வளர்ந்து கிளைவிடும் வரையில் சிறிது சிறிதாக மாற்றுதல் வேண்டும். மேட்டுப் புறம்போக்கில், கரிமூட்டத்தையே நம்பியிருப்போர்க்கு மாற்றுவழி காணுமளவும் விட்டுவைத்தலிற் குற்றமில்லை. வெட்டும்போது தரைக்குக் கீழே உள்ள வேர்க்குடத்தைப் பெயர்த்தெடுக்காமல் தூரோடு அரிந்து விட்டால், என் மாமன் கூறியவாறு வெட்ட வெட்டத் தழைக்கும். தளிர்க்கும் மொட்டுக்கள் அங்கேயே உறங்குகின்றன. பெயர்த்தபின் மண்ணை வெறிதே விடுதலும் தவறு. மரம் போயினும் அது சேர்த்த உரமும், சருகின் நஞ்சும், கடுந்தோல் விதைகளும், வேரடித் துணைவரும் அங்கேயே இருப்பர். முந்திக்கொண்டு முளைக்கும் செடியே அச்செல்வத்துக்கு வாரிசாகும். அதுவும் வேலிக்கருவையாகவே முடிதல் கூடும்.

எங்கள் கண்மாயில் வருகின்ற கோடையில் பொக்லைன் இயந்திரத்தை இறக்குவதென ஊரார் முடிவு செய்துள்ளனர். பெயர்த்த இடத்தில் எதனை முதலில் விதைப்பது என்பது என் மாமன் கேட்கும் அடுத்த வினா. இதற்கு நூலில் விடை இல்லை. எங்கள் மண்ணிடமே கேட்டல் வேண்டும். அதற்கு ஓர் எளிய சோதனை வகுத்திருக்கின்றேன். வேலிக்கருவையின் அடிமண், வன்னியின் அடிமண், மரமில்லாத வெட்டவெளி மண் ஆகிய மூன்றையும் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றையும் இரு கூறாக்கி, ஒரு கூற்றை இட்டிலிக் கொப்பரையில் வைத்து நன்றாக ஆவியில் அவிக்க வேண்டும். அவித்த மண்ணில் நுண்ணுயிர் பெரும்பாலும் மடியும்; சருகின் நஞ்சோ பெரும்பகுதி எஞ்சும். அவிப்பதனாலேயே மண்ணிற் சிறிது உரச்சத்து வெளிப்படுமாதலின், வெட்டவெளி மண்ணையும் அவித்து உடன்வைத்தல் இன்றியமையாதது. ஆறு தொட்டியிலும் கம்பும் குதிரைவாலியும் கொளுஞ்சியும் விதைத்து, முளைத்தவற்றை எண்ணி, நாற்பதாம் நாள் வேரோடு எடுத்து உலர்த்தி நிறுத்தால், தடுப்பது நஞ்சா நுண்ணுயிரா என்பது ஒருவாறு புலனாகும். கொளுஞ்சி வேரில் முடிச்சு விழுகிறதா என்பதையும் உடன் பார்த்துக் கொள்ளலாம்.

மண்ணை மாமனே சாக்கில் கட்டி அனுப்புவதாகச் சொல்லியிருக்கின்றார். தாவரவியற் பகுதியின் பின்புறத்து வராந்தாவில் தொட்டிகளை வைக்க ஆசிரியர் இசைந்துள்ளார். காலையும் மாலையும் நீர் ஊற்ற இருவர் வேண்டும்.